குமரி மாவட்டத்தில் எம்.எட்., பிஎச்.டி.: கல்வியியல் படிக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்வியியல் கல்லூரியில் முதுகலை சேர்ந்தவர்களும், சேரலாமா என்று யோசிக்கிறவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் இந்த மாவட்டத்திலேயே பி.எட்., எம்.எட். முடித்தவள். சில வருடம் பள்ளியில் கணக்கு எடுத்தேன். அப்புறம் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு. இப்போது எம்.எட். பிள்ளைகளின் ஆய்வேடுகளைப் படித்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. கட்டணம், விண்ணப்பக் கடைசி நாள் போன்றவை வருடத்துக்கு வருடம் மாறும். அவற்றை அந்தந்தக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்.எட். என்றால் பி.எட்.டில் படித்ததையே இன்னும் இரண்டு வருடம் படிப்பதா?

அப்படி நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். முதல் பருவத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது. பி.எட். பயிற்சியில் ஒரு பையன் பின்னம் புரியாமல் விழித்தால், நீங்கள் உடனே இன்னோர் எடுத்துக்காட்டைத் தேடுவீர்கள். எம்.எட்.டில் கேள்வி வேறு மாதிரி வரும். ஏழாம் வகுப்பு வந்த பிறகும் சில பிள்ளைகள் மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரியது என்று ஏன் நினைக்கிறார்கள்? அந்த நினைப்பு எந்த வகுப்பில் வேர்விட்டது? பாடப்புத்தகம், ஆசிரியர், வீட்டில் பேசும் மொழி இவற்றில் எதற்கு அதில் பங்கு? இதற்குப் பதில் தேட உளவியலும் சமூகவியலும் கொஞ்சம் புள்ளியியலும் வேண்டும். அதற்குத்தான் இரண்டு வருடம்.

யார் சேரலாம்?

பி.எட்.டில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் கொண்டுவந்த விதிகளுக்குப் பிறகு பி.எட்., எம்.எட். இரண்டுமே இரண்டு வருடப் படிப்புகள். எம்.எட்.டில் ஓர் அலகுக்கு, அதாவது ஒரு வகுப்புப் பிரிவுக்கு, 50 இடம். ஆய்வேடு கட்டாயம். ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனம் ஒன்றில் களப்பயிற்சியும் உண்டு. அதாவது நீங்கள் ஒரு பி.எட். வகுப்பின் முன்னால் நின்று, ஆசிரியர் ஆகப்போகிறவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கும். பலருக்கு அதுதான் முதல் பயம்.

இங்கே எங்கெல்லாம் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன?

ஆற்றூர், மார்த்தாண்டம், திருவிதாங்கோடு என்று மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கொஞ்சம் நெருக்கமாகவே இருக்கின்றன. ஆற்றூர் என்.வி.கே.எஸ்.டி. கல்வியியல் கல்லூரி பலருக்கும் தெரிந்த பெயர். பட்டம் தருவது பெரும்பாலும் 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். எந்தக் கல்லூரியில் எம்.எட். நடக்கிறது, எங்கே பி.எட். மட்டும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால், அந்த வருடத்துக்கான அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தேரூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சிகள் அங்கே நடக்கும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர் அது. அவரும் ஆசிரியர்தான், கல்வெட்டுகளைத் தேடிப் படித்து ஆய்வு செய்தவர்தான். வகுப்பு நடத்திக்கொண்டே ஆய்வும் செய்ய முடியுமா என்று யாராவது கேட்டால் நான் தேரூர்ப் பக்கம் கை காட்டுவேன்.

வேலை பார்த்துக்கொண்டே எம்.எட். படிக்கலாமா?

இது முழுநேரப் படிப்பு. வருடத்துக்கு 200 வேலை நாள், வருகைப் பதிவு கட்டாயம். "பேருக்குச் சேர்ந்துவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் வகுப்பு, மதியத்துக்குப் பிறகு கருத்தரங்கம் அல்லது நூலகம், ஆய்வு தொடங்கிவிட்டால் வாரத்தில் சில நாள் பள்ளிக்கூடம். பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் டிக்கெட் இல்லை என்பது எங்கள் மாணவிகளுக்குப் பெரிய உதவி. ஆய்வுக்கு ஐந்தாறு பள்ளி ஏறி இறங்க வேண்டியவளுக்கு அந்தக் காசு சின்னக் காசு இல்லை. கைக்குழந்தையோடு படிக்கிறவர்களும் உண்டு. வீட்டில் அம்மாவோ மாமியோ துணை நின்றால்தான் அது நடக்கும். சேர்வதற்கு முன்னாலேயே அவர்களிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

எழுத்தறிவில் முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் இது. இங்கே ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே அதுதான் அதிகம். பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அது மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துப் போட்ட சராசரி. நாகர்கோவிலில் மூன்று தலைமுறையாகப் பட்டம் வாங்கிய வீட்டுப் பிள்ளையும், கோதையாற்றுக் காட்டுக்குள் வீட்டிலேயே முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு எழுதப்போகும் காணிக்காரப் பழங்குடிப் பிள்ளையும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள். இன்னொன்று, எழுதப் படிக்கத் தெரியும் என்று கணக்கெடுப்பவரிடம் சொல்வதும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியை வாசித்துப் பொருள் சொல்வதும் ஒன்றல்ல. மாநில அரசு 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தை ஆரம்ப வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது அந்த இடைவெளிக்காகத்தான். அந்த இடைவெளி நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே ஒரு நல்ல ஆய்வுக்குப் போதும்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எங்களிடம் வரும் தலைப்புகளில் பாதி ஒரே அச்சு. "உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் இன்னதும் கல்வி அடைவும்." அதற்குக் கீழே மூன்று ஒப்பீடு: ஆண் – பெண், அரசு – தனியார், நகரம் – கிராமம்.

அந்த மூன்றாவதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். 2011 கணக்கெடுப்புப்படி இந்த மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தில் வாழ்கிறவர்கள். காரணம், இங்கே பேரூராட்சிகள் அத்தனை அதிகம். தென்னந்தோப்புக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வீடும் கணக்கில் நகரம்தான். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பது பலகையைப் பார்த்தால்தான் தெரியும். இங்கே வந்து "நகரம், கிராமம்" என்று இரண்டு பெட்டி போட்டு, இரண்டின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை செய்தால், வித்தியாசம் வந்தாலும் அதற்குப் பொருள் இல்லை, வராவிட்டாலும் இல்லை.

நம் ஊரில் வித்தியாசம் வேறு கோட்டில் ஓடுகிறது. கடற்கரை ஒன்று. தோவாளை, அகஸ்தீசுவரம் பக்கத்து வயலும் பூந்தோட்டமும் ஒன்று. குலசேகரம், அருமனை, களியல் என்று ரப்பர் தோட்டங்கள் ஒன்று. அதற்கும் மேலே மலை. ஒரு பிள்ளையின் வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், மாலையில் யார் வீட்டில் இருக்கிறார்கள், எந்த மாதம் கையில் காசு இருக்காது என்பதெல்லாம் இந்தக் கோடுகளில்தான் பிரிகிறது. படிப்பைத் தொடுவதும் அதுதான்.

ஏற்கெனவே யாரோ தயாரித்த வினாநிரலைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், உருவாக்கியவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு. ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எம்.எட். ஆய்வுக்குப் பெற்றோர் ஈடுபாடு பற்றிய ஓர் அளவுகோலைத் தமிழாக்கி எடுத்துப் போனேன். மேற்குக் கடற்கரையில் ஒரு பள்ளி, எட்டாம் வகுப்பு. நாற்பது கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம்: எப்போதும், அடிக்கடி, சில நேரம், அரிதாக, ஒருபோதும் இல்லை. ஏழாவது கூற்று, "என் தந்தை தினமும் மாலையில் என் வீட்டுப்பாடத்தைப் பார்வையிடுகிறார்." ஒரு பெண் எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்கவில்லை. ஓரத்தில் நீல மையில் சின்னதாக, "அப்பா கடல்ல" என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடு போட்டிருந்தாள்.

தூத்தூரிலிருந்து நீரோடி வரைக்கும் உள்ள ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். கொச்சியிலிருந்து கிளம்பும் விசைப்படகு கரைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அந்த அப்பாவுக்கு மகள் படிப்பில் ஈடுபாடு இல்லையா? கரை சேர்ந்ததும் முதல் வேலையாக மதிப்பெண் அட்டையைக் கேட்கிறவராகக்கூட இருக்கலாம். என் அளவுகோலில் அவருக்கு இடமே இல்லை. அந்தத் தாளை "முழுமையாக நிரப்பப்படாதது" என்று ஒதுக்கி வைக்கச் சொன்னது விதிமுறை. நானும் ஒதுக்கி வைத்தேன். மீதித் தாள்களைக் கூட்டி, கடலோரப் பெற்றோருக்கு ஈடுபாடு குறைவு என்று ஒரு வாக்கியம் எழுதினேன். அந்த வாக்கியம் இன்றைக்கும் நூலகத்தில் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடம்தான்.

அதனால் என் மாணவர்களிடம் ஒன்றைக் கட்டாயமாகச் செய்யச் சொல்கிறேன். முப்பது பிள்ளைகளிடம் முன்னோடி ஆய்வு நடத்துங்கள். அதில் மதிப்பெண் போட அவசரப்படாதீர்கள். பிள்ளை எங்கே பேனாவை நிறுத்துகிறது, எந்தச் சொல்லுக்குப் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறது, ஓரத்தில் என்ன எழுதுகிறது என்று பாருங்கள். அப்புறம் கூற்றை மாற்றுங்கள். "தந்தை" என்ற இடத்தில் "வீட்டில் உள்ள பெரியவர்" என்று மாற்றியதாலேயே உருப்பட்ட வினாநிரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்குள் போக யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

அரசு, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குக் கல்லூரி முதல்வர் வழியாகக் கடிதம் கொடுங்கள். அனுமதி வந்ததும் தலைமை ஆசிரியரை முதலில் வெறுங்கையோடு போய்ப் பாருங்கள். தாள்கட்டு அடுத்த முறை. பரீட்சை நேரத்திலும், ஊரில் கொடை, திருவிழா நடக்கும் வாரத்திலும் போகாதீர்கள். பெற்றோரின் சம்மதம் தனியாக வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். "விருப்பம் இல்லையென்றால் எழுத வேண்டாம், டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டாங்க" என்று வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது வகுப்பு ஆசிரியர் பக்கத்தில் நிற்காமல் இருந்தால் நல்லது.

மலைப்பகுதியில் ஆய்வு செய்ய ஆசை. முடியுமா?

முடியும், ஆனால் நேரம் வேண்டும். பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணிக்காரர் குடியிருப்புகள் ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி இருக்கின்றன. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், மழைக்காலத்தில் பாதை இருக்காது. ஒரே நாளில் போய் ஐம்பது தாள் வாங்கி வருகிற வேலை அங்கே நடக்காது, நடக்கவும் கூடாது. குறைந்த பிள்ளைகள், நீண்ட உரையாடல், பல தடவை போய்வருவது என்று பண்புசார் ஆய்வாகத் திட்டமிடுங்கள்.

இதில் ஒரு முன்மாதிரி மலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. 1987-இல் அகத்தியமலைக் காட்டில் திருவனந்தபுரம் பகுதிக் காணிக்காரர்கள், வழிகாட்டிகளாக உடன் போனபோது, ஆரோக்கியப்பச்சை என்ற செடியை விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. அதன் உரிமத் தொகையில் பாதியை, அந்த ஆய்வைச் செய்த நிறுவனம் காணி மக்களின் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்ததாக விவாதங்கள் உண்டு. ஆனாலும், அறிவைக் கொடுத்தவர்களுக்கு அதில் பங்கு உண்டு என்பதை ஓர் ஆய்வு நிறுவனம் கணக்கில் எழுதி ஒப்புக்கொண்டது. ஒரு குழந்தை நமக்குக் கொடுக்கிற அரை மணி நேரத்துக்கும் அதே நியாயம் உண்டு என்பது என் எண்ணம்.

பிள்ளைகளின் பேச்சுமொழியை ஆய்வில் எப்படி எடுத்துக்கொள்வது? தவறு என்று குறிப்பதா?

தயவுசெய்து குறிக்காதீர்கள். விளவங்கோடு பக்கத்தில் ஒரு பிள்ளை "வெள்ளம் குடிச்சேன்" என்று எழுதினால் அது தண்ணீரைச் சொல்கிறது. "எனக்கு ஓர்மை இல்ல" என்றால் ஞாபகம் இல்லை. வெளி மாவட்டத்திலிருந்து வந்த பயிற்சி ஆசிரியர் ஒருவர் அந்த "வெள்ளம்" மேல் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பையன் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எதுவுமே எழுதவில்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண் இது. மலையாளத்தோடு பழகிய சொற்கள் நம் தமிழில் இயல்பாகவே இருக்கின்றன. பாடநூல் சொல்லைக் கற்பிக்கத்தான் வேண்டும். வீட்டுச் சொல்லின் பக்கத்தில் அதையும் வைத்துக் கற்பித்தால் பிள்ளைக்கு இரண்டு சொல் கிடைக்கும். இதை ஒட்டி ஆரம்ப வகுப்புகளில் செயல் ஆய்வு, அதாவது வகுப்பிலேயே ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கும் ஆய்வு, செய்ய நிறைய இடம் இருக்கிறது. யாராவது எடுத்துச் செய்யுங்கள் என்று வருடா வருடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சுனாமி, ஒக்கி பாதித்த ஊர்களில் ஆய்வு செய்யலாமா?

2004 டிசம்பர் 26-க்குப் பிறகும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலுக்குப் பிறகும் இந்தக் கடற்கரைக்கு எத்தனையோ பேர் கேள்விகளோடு வந்து போய்விட்டார்கள். அப்பாவைக் கடலில் இழந்த பிள்ளையிடம் மன அழுத்த அளவுகோலை நீட்டி, எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புவது சரியில்லை. அந்தத் தாளைப் பார்த்து அழுகிற பிள்ளையோடு உட்கார யார் இருக்கிறார்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தால் தொடங்குங்கள். பள்ளியில் ஆலோசகர், 1098 குழந்தைகள் உதவி எண், வீட்டில் பேசக்கூடிய ஒருவர் என்று அந்த ஏற்பாடு முதலில் வரட்டும். அது இல்லையென்றால் பெரியவர்களிடம் கேளுங்கள், அல்லது அந்த ஊர்ப் பள்ளி மறுபடி எப்படித் திறந்தது, ஆசிரியர்கள் அப்போது என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்.

எனக்குப் புள்ளியியல் வராது. என்ன செய்வது?

சராசரி, திட்டவிலக்கம், டி-சோதனை, ஒட்டுறவு. எம்.எட்.டுக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான். கணினி மையத்தில் காசு கொடுத்துப் போடச் சொல்லாதீர்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

பள்ளிக்கூட வரலாற்றை ஆய்வாகச் செய்யலாமா?

தாராளமாக. இந்த மாவட்டம் அதற்கு ஒரு சுரங்கம். 1817-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை போட்டார். அதே காலத்தில் மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் மிஷன் பள்ளிகள் வளர்ந்தன. மிஷனரி மார்த்தா மால்ட் பெண் குழந்தைகளுக்கு நாகர்கோவிலில் பள்ளி நடத்தி, எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். மேலாடை அணியும் உரிமைக்கான போராட்டத்தையும் இந்தப் பள்ளிகளையும் தனித்தனியாகப் படிக்க முடியாது. ஆவணம் என்றதும் சென்னை, திருவனந்தபுரம் என்று ஓட வேண்டியதில்லை. நூறு வயது தாண்டிய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் இங்கேயே அலமாரிகளில் இருக்கின்றன. பழையவை மலையாளத்தில் இருக்கலாம், வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎச்.டி.க்கு எப்போது யோசிக்கலாம்?

விடாமல் துரத்துகிற ஒரு கேள்வி கையில் இருக்கும்போது. விதிகளைச் சொல்கிறேன். முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகம் போனால் ஆறு. பகுதிநேரத்துக்கு வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இரண்டையும் பாருங்கள். பேராசிரியர் ஒருவர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் ஒரே நேரத்தில் வழிகாட்டலாம் என்பதால் இடம் காலியாகக் காத்திருக்க வேண்டி வரும். காத்திருக்கும் நேரத்தில் ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் உங்கள் துறை ஆய்வேடுகளை வாசியுங்கள். பத்து விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் ஆய்வேடு சிக்கலில் மாட்டும். மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிய ஆய்வேடுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

படித்தால் வேலை கிடைக்குமா?

நேராகச் சொல்கிறேன். எம்.எட். மட்டும் அரசுப் பள்ளி வேலை வாங்கித் தராது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்த ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்குப் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நியமனம் என்று அந்தப் பாதை தனி. கல்வியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக, பாடத்தில் முதுகலை, எம்.எட்., அதோடு நெட், செட் போன்ற தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. வேண்டும். தனியார் கல்லூரிகளில் சம்பளம் பல இடங்களில் படிப்புக்கு ஏற்றதாக இல்லை. இதைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

எங்கள் ஆய்வால் ஊருக்கு உண்மையில் ஏதாவது நடக்குமா?

ரப்பர் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வருவதில்லை என்பது ஒரு தலைமை ஆசிரியையின் வருத்தம். என் மாணவி ஒருத்தி அதை ஆய்வாக எடுத்தாள். முதல் வாரம் வினாநிரல் எதுவும் இல்லாமல் வீடுகளுக்குப் போனாள். பால்வெட்டுத் தொழிலாளிகள் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். வெட்டி முடித்து, சிரட்டையில் நிறைந்ததை எடுத்து ஊற்றி, கை கழுவும்போது பதினொன்றோ பன்னிரண்டோ ஆகிவிடும். கூட்டம் வைத்திருந்த நேரம் காலை பத்து மணி.

அவள் இதை நான்கு பக்கத்தில் தமிழில் எழுதி அந்தத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தாள். அடுத்த கூட்டம் மாலை மூன்று மணிக்கு மாறியது. நாற்காலி போதாமல் பிள்ளைகளின் பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார்கள். இது ஆய்வேட்டின் எந்த அட்டவணையிலும் இல்லை.

கண்டதைப் பள்ளியிடம் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கற்றுத்தந்தது இன்னொரு பள்ளியின் தலைமை ஆசிரியை. நான் தாள்கட்டோடு போய் நின்றபோது, "போன வருஷமும் ஒரு பிள்ளை வந்து இதே மாதிரி எழுதி வாங்கிட்டுப் போச்சு மக்ளே. என்ன கண்டுபிடிச்சீங்கன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சாயா வாங்கி வரச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார்.

ஆய்வேட்டை எத்தனை பிரதி எடுக்க வேண்டும்?

பல்கலைக்கழகத்துக்கு, கல்லூரி நூலகத்துக்கு, வழிகாட்டிக்கு, உங்களுக்கு என்று கல்லூரியில் ஓர் எண்ணிக்கை சொல்வார்கள். அதோடு, நீங்கள் தகவல் திரட்டிய ஒவ்வொரு பள்ளிக்கும் நான்கைந்து பக்கத்தில் ஒரு தமிழ்ச் சுருக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணை வேண்டாம், பைண்டிங் வேண்டாம், ஸ்டேப்ளர் போதும். தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாய்மொழித் தேர்வு முடிந்த வாரமே போய்விடுங்கள், ஏனென்றால் மார்ச்சில் எழுதிய எட்டாம் வகுப்பு ஜூனில் வேறு பள்ளிக்குப் போயிருக்கும்.